ஆறாம் வகுப்போடு தபால்காரர் வேலையை விட்டுவிடுகிறார்

கேள்வி: திருப்பூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியை நான். வகுப்பில் 34 பிள்ளைகள். பெற்றோர் பெரும்பாலும் பனியன் கம்பெனி வேலை. கூட்டம் போட்டால் ஆறேழு பேர் வந்தால் அதிகம். வாட்ஸாப் குழுவில் தினமும் வீட்டுப்பாடம், சுற்றறிக்கை எல்லாம் போடுகிறேன். பதிலுக்கு வருவது பூப்படம் போட்ட காலை வணக்கம்தான். போன பருவ முடிவில் ஓர் அம்மா வந்து, "பாஸ்னுதானே போட்டிருக்கு, அப்புறம் எப்படிங்க டீச்சர் கணக்கே வரலேங்கறீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பள்ளியில் நடப்பதை இவர்களுக்கு எப்படித்தான் தெரியப்படுத்துவது?

பதில்: அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிடும். டீச்சர் என்ன சேலை கட்டியிருந்தார், யார் யாரைக் கிள்ளினார்கள், நாளைக்கு என்ன கொண்டுவரச் சொன்னார்கள், எல்லாம் அம்மா கைக்கு வந்துவிடும். ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே அந்தப் பிள்ளைதான் தபால்காரர். ஆறாம் வகுப்பில் அது அந்த வேலையை விட்டுவிடுகிறது. "இன்னைக்கு என்ன நடத்தினாங்க?" என்றால் "ஒண்ணுமில்ல." நோட்டில் எழுதி அனுப்பினால் அப்பா கையெழுத்தை அப்பாவைவிட அழகாகப் போட்டுக்கொண்டு வருவான். வயசு அப்படி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பள்ளிகள் இன்னும் அதே தபால்காரரை நம்பித்தான் சேதி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. வாட்ஸாப் வந்தும் கதை மாறவில்லை. அப்பா போன் சாயங்காலம் யார் கையில் இருக்கிறது? உங்கள் குறிப்பை முதலில் பார்ப்பவன் அவன்தான், அழிக்கத் தெரிந்தவனும் அவன்தான்.

ஆகவே தினமும் அனுப்புவதை நிறுத்துங்கள். வீட்டுப்பாடம் பிள்ளையின் பொறுப்பு, அதைக் கரும்பலகையில் எழுதினால் போதும். பெற்றோருக்கு வாரம் ஒரே ஒரு சேதி, ஒரே நாள், ஒரே நேரம். உங்கள் ஊருக்கு ஞாயிறு காலை பத்து மணி சரியாக இருக்கும். சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு யார் காதிலும் எதுவும் ஏறாது. அதற்காக உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமையே பதிவு செய்து வைத்துவிட்டு, ஞாயிறன்று ஒரு தட்டுத் தட்டினால் ஆயிற்று.

எழுதாதீர்கள், பேசுங்கள். ஒரு நிமிடக் குரல் பதிவு. படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம், கறிக்கடை வரிசையில் நிற்பவரும் கேட்கலாம். நீங்கள் எழுதுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் எழுதினேன்: "வளரறி மதிப்பீடு ஆ மதிப்பெண்கள் பதிவேற்றம் செய்யப்பட்டுள்ளன." இதைப் படித்துவிட்டு ஒரு தகப்பனார் என்ன செய்வார்? அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"வணக்கம்ங்க, ஆறாம் வகுப்பு டீச்சர் பேசறேன். இந்த வாரம் கணக்குல பின்னம் ஆரம்பிச்சிருக்கோம். அரையும் மூணுல ஒண்ணும் கூட்டினா அஞ்சுல ரெண்டுன்னு நிறையப் பேரு எழுதறாங்க. அதாவது, பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியைவிடக் குறைஞ்சு போச்சாம்! இன்னைக்கு வீட்ல தோசை சுடும்போது ஒரு தோசைய ரெண்டாவும், இன்னொண்ண மூணாவும் பிச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு எடுத்துச் சேர்த்து வைக்கச் சொல்லுங்க. பாதித் தோசையைவிடக் கூடவா குறைவான்னு அவங்களே சொல்லட்டும். புதன்கிழமை மதியம் கபடிக்கு ஆள் எடுக்கறோம், விருப்பம் இருந்தா மாத்துத்துணி குடுத்து விடுங்க. அவ்வளவுதாங்க."

நடந்த பாடம் ஒன்று, வீட்டில் செய்யக்கூடியது ஒன்று, வரப்போவது ஒன்று. நான்காவது வேண்டாம்.

குழுவை நிர்வாகி மட்டும் பேசும்படி மாற்றிவிடுங்கள், பூப்படம் நின்றுவிடும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சாதாரணக் குழுவில் எல்லா அம்மாக்களின் எண்ணும் எல்லார் கண்ணிலும் படும். வாட்ஸாப் 'கம்யூனிட்டி' அறிவிப்புக் குழுவில் ஓர் உறுப்பினர் எண் மற்ற உறுப்பினருக்குத் தெரியாது. பெண்கள் தயங்காமல் தங்கள் எண்ணைத் தருவதற்கு இது ஒன்றே போதும். 'பிராட்காஸ்ட்' முறையில் அனுப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் அது போகும், இது தெரியாமல் அனுப்பிவிட்டு ஏமாறாதீர்கள். வெளிமாநிலக் குடும்பங்கள் நாலைந்து இருந்தால், இந்தி பேசத் தெரிந்த ஒருவரைப் பிடித்து அதே சேதியை அவர் குரலில் போடச் சொல்லுங்கள்.

மதிப்பெண், வராதவர் பட்டியல், ஆதார் தராதவர் பெயர், இவையெல்லாம் குழுவில் வரவே கூடாது.

அடுத்தது, ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகப் பேசுவது. இதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சண்டை போட்டான் என்று அவன் அப்பாவை வரச் சொன்னேன். பதினோரு மணிக்கு வந்தார், கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு. மணி அடிக்கட்டும் என்று வராந்தாவில் நிற்க வைத்தேன். அப்புறம் நாலு ஆசிரியர்கள் முன்னால் வைத்து, பையன் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரும்போது கழற்றியதை வெளியே விட யோசித்திருக்கிறார். மூன்று வருஷத்தில் மறுபடி அவர் பள்ளிக்கூடம் பக்கம் வரவில்லை. அவருக்கு அன்று போனது ஒரு நாள் சம்பளம். எனக்குப் போனது அந்த வீட்டுக் கதவு.

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே வம்பு என்று நினைப்பவர்களிடம் முதல் பேச்சு நல்ல பேச்சாக இருக்க வேண்டும். வகுப்பு தொடங்கிய ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு நிமிடம் பேசிவிடுங்கள். நாளுக்கு மூன்று பேர் என்றால் 34 வீடும் பன்னிரண்டு பள்ளி நாளில் முடிந்துவிடும். "உங்க பொண்ணு மத்தவங்களுக்குத் தண்ணி மோந்து குடுக்கறா" என்பது போல, கண்ணால் பார்த்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். "நல்லாப் படிக்கிறா" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அப்படியே இரண்டு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த நேரத்தில் கூப்பிடலாம், பிள்ளையை வீட்டில் பார்த்துக்கொள்வது யார். பாதி வீட்டில் விடை 'பாட்டி' என்று வரும். அப்படியானால் உங்கள் 'பெற்றோர்' அந்தப் பாட்டிதான், சேதி அவருக்குப் போகட்டும்.

கூட்டத்துக்கு வருவோம். மூன்று விதக் கூட்டத்தை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 21ஆம் பிரிவில் வரும் பள்ளி மேலாண்மைக் குழு வேறு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அது கட்டடம், கழிப்பறை, பள்ளி வளர்ச்சித் திட்டம் பேசும் இடம். என் பிள்ளைக்குப் பின்னம் வருகிறதா என்று அங்கே பேச முடியாது. அதற்கு அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு இருக்கிறது: பெற்றோரைத் தவறாமல் கூட்டி, வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்வது ஆசிரியரின் கடமை. இந்த வகுப்புக் கூட்டம்தான் நம் பள்ளிகளில் காணாமல் போனது.

மாலை மூன்று மணிக்கு வா என்றால் ஷிப்ட்டில் இருப்பவர் எப்படி வருவார்? பருவத்துக்கு ஒரு முறை நீங்கள் போங்கள். ஆண்டுக்கு மூன்று ஞாயிறு, தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, கூட ஒரு சக ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு. 34 வீட்டுக்கும் ஏறி இறங்க வேண்டாம். உங்கள் பிள்ளைகள் நாலைந்து லைன் வீடுகளில்தான் குவிந்திருப்பார்கள். தண்ணீர்த் தொட்டி பக்கம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பத்துப் பேர் வந்துவிடுவார்கள். போகும்போது பிள்ளையின் நோட்டை எடுத்துப் போங்கள். மதிப்பெண் பட்டியலைவிட ஒரு பக்கக் கையெழுத்து அதிகம் பேசும்.

அங்கே என்ன சொல்வது? ஆறு முதல் எட்டு வரையான இந்த மூன்று வருஷத்தில் பெற்றோருக்குத் தெரியாமலே போகிற சில சங்கதிகள் உண்டு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோதே ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்றுதான் வந்தது. நடுநிலைப் பள்ளியில் இது கண்ணெதிரே நடக்கும்: தம்பி உப்புமா சாப்பிடுவான், ஆறாம் வகுப்பு அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். போன வருஷம் வரை பள்ளியில் சாப்பிட்டவன்தானே என்று அம்மா ஏழு மணிக்கே கிளம்பியிருப்பார். முதல் பீரியடில் தூங்கி விழுகிற பையனை அதட்டுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு இந்தச் சேதி போயிற்றா என்று பாருங்கள்.

வாரம் ஒரு தடவை தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். "பள்ளிக்கூடத்துல என்னமோ மாத்திரை குடுத்தாங்க, வயித்தப் பொரட்டுது" என்று பிள்ளை வந்து சொன்னால் வீடு பதறத்தான் செய்யும். இரத்தசோகைக்குத் தருவது, சாப்பிட்ட பிறகு போடுவது, மலம் கருப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டால் பதற்றம் பாதி குறையும்.

பணம் சம்பந்தப்பட்டது ஒன்று. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தேர்வு வரும். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நாலு வருஷத்தில் 48,000. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு இருக்க வேண்டும். பட்டியல் வகுப்பு, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50. எட்டாவது வந்தபின் சொன்னால் ஏழாவது மார்க்கைத் திருப்ப முடியுமா? ஆறிலேயே காதில் போடுங்கள். அதேபோல, "ரெண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியம் தனியார்ல போட்டுட்டு ஒன்பதாவதுக்குத் திரும்ப வரலாம்" என்று கணக்குப் போடுகிற வீடு இருக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு; மேல்படிப்புக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்குப் பார்க்கிறது. சேர்ப்பதும் எடுப்பதும் அவர்கள் இஷ்டம். தெரியாமல் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது அந்த அம்மாவின் கேள்வி. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. ஆகவே 'பாஸ்' என்ற சொல்லுக்கு ஆறாம் வகுப்பில் 'அடுத்த வகுப்புக்குப் போகிறான்' என்று மட்டும்தான் பொருள், கணக்கு வந்துவிட்டது என்று அல்ல. அவருக்குத் தெரிந்த பாஸ் அவர் படித்த காலத்துப் பாஸ். போதாததற்கு நூறு மார்க்கும் ஒரே தேர்வில் வருவதில்லை: செயல்பாட்டுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20, பருவத் தேர்வுக்கு 60. அட்டையில் மாதிரி செய்து 18 வாங்கியவனுக்கு எழுத்துக் கணக்கு வராமலே இருக்கலாம். இதை ஜூன் மாதமே எல்லா வீட்டுக்கும் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் மட்டுமல்ல, நாங்கள் யாருமே சொன்னதில்லை.

அவரை மறுபடி வரச் சொல்ல வேண்டாம், நீங்களே கூப்பிடுங்கள். "நீங்க கேட்டது சரிதாங்க, நாந்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று தொடங்குங்கள். அப்புறம் அவனுக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று ஒவ்வொன்று சொல்லுங்கள்: வாய்ப்பாடு எட்டு வரை சொல்கிறான், வகுத்தலில் மீதி வந்தால் திணறுகிறான். பள்ளியில் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும், வீட்டில் அவன் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தையும் சொல்லுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு வகுத்தல் கணக்கு, அம்மா சரிபார்க்கத் தேவையில்லை, போட்டானா என்று மட்டும் பார்த்தால் போதும். மூன்று வாரம் கழித்து எந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேசுவீர்கள் என்று தேதியைச் சொல்லிவிட்டு வையுங்கள். அந்தத் தேதியில் மறக்காமல் கூப்பிடுங்கள்.