பெறுபேறு வந்த வீட்டில் பயம்

அன்பின் அக்கா,

மகள் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகிவிட்டாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பட்டாசு கொளுத்தினார்கள், கோயிலில் மாலை போட்டார்கள். எல்லாரும் போன பிறகு நீங்கள் எனக்கு ஃபோன் எடுத்துக் கேட்டது வேறு. "எங்க அண்ணன் மகனும் இப்படித்தான் போனான். ரெண்டு வருஷத்துல திரும்பி வந்து வீட்டுக்குள்ளயே முடங்கிட்டான். பாஸானதே இவளுக்குக் கெடுதலா போயிருமா தம்பி?"

வீண் பயம் என்று சொல்லமாட்டேன். அப்படித் திரும்பி வந்த பிள்ளைகளோடு பேசியிருக்கிறேன். அதில் ஒருவனை இன்னும் மறக்க முடியவில்லை. முதல் வருஷத்திலேயே இரண்டு கணிதப் பாடங்கள் ரிப்பீட். வீட்டில் கேட்டால் "நல்லா போகுது" என்பான். தோட்டத்து முகப்பில் அவன் படம் போட்ட பேனர் மழையில் வெளுத்துப்போய்த் தொங்கியது. லீவுக்கு வந்தால் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்காகவே இரண்டு லீவுக்கு அவன் ஊர்ப்பக்கமே வரவில்லை. திரும்ப எழுதினால் தீர்ந்திருக்கும் விஷயம் அது. வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு ஓர் ஆள் இருக்கவில்லை.

நம் பாட்டன் பூட்டன் இந்த மலைக்கு முதலில் வந்தது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. கோப்பி அள்ளிக் கொடுத்தது. அதனால் மலை மலையாக அதையே நட்டார்கள். 1869இல் இலைத்துரு நோய் கண்டது. இருபது வருஷத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அந்த இடமெல்லாம் தேயிலையானது. நல்ல விளைச்சலைக் கண்டு வேறெதையும் நடாமல் விட்டதுதான் அவ்வளவு பெரிய அழிவாகப் போனது. உங்கள் வீட்டிலும் இப்போது எல்லாக் கணக்கும் மகள் பேரில்தான் ஓடுகிறது. தம்பியின் படிப்பு, சொந்தக் காணி, வீடு, ஈடு வைத்த நகை என்று எல்லாம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அது பெரிய பாரம் அக்கா.

அங்கே அவளுக்கு முதலில் கஷ்டம் தரப்போவது மொழி. இணைந்த கணிதத்தில் 'ஆர்முடுகல்' என்றால் அவள் தூக்கத்திலும் கணக்குச் செய்வாள். அங்கே விரிவுரையாளர் 'அக்ஸலரேஷன்' என்பார். 'தொகையீடு' 'இன்டிகிரேஷன்' ஆகிவிடும். தெரிந்த விஷயம்தான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது. அது புரிவதற்குள் கரும்பலகை நிரம்பி அழிந்துவிடும். பக்கத்தில் ஆங்கிலத்திலேயே படித்து வந்த பிள்ளை தலையாட்டிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதலாம் பிள்ளையாக இருந்தவள், 'நான் மக்கு' என்று முதன்முதலாக நினைப்பது அந்த இடத்தில்தான்.

'கோட்டாவில் வந்தவள்' என்றும் யாராவது சொல்லக்கூடும். அதற்கு முன்பே நீங்கள் சொல்லி வையுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படை. 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி. மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கொடுப்பது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உண்டு. விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலைகள் நிறைந்த மலையகத்தில் படித்து இந்த இடத்தைப் பிடித்தவள் யாருக்கும் தலைகுனியத் தேவையில்லை.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஹாபொல உதவித்தொகை கிடைத்தாலும் முதல் தவணை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் போட்டோக்கொப்பிக்கும் முதல் சில மாதம் உங்கள் கையிலிருந்துதான் போகும். விருந்து வைக்க என்று நகையை ஈடு வைக்காதீர்கள். சீட்டுக்காசு வந்தால் அதையும் அவள் செலவுக்கென்று தொடாமல் வைத்திருங்கள். புதிய மாணவரைச் சீனியர்கள் வதைக்கும் பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. அப்படி ஏதும் நடந்தால் உங்களிடம் மறைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். இரவில் மனம் தாங்காமல் போனால் 1926க்கு எடுக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம். அவள் ஃபோனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். மழைக்காலத்தில் கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும் விழுந்த நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள்? வீட்டுக்கு வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னைக்கு அரைப்பேர்தான்" என்று சொல்லுவீர்கள். யாரும் உங்களைக் கையாலாகாதவள் என்று நினைப்பதில்லை. மலையில் கொழுந்து இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். மகளுக்கும் அரைப்பேர் நாட்கள் வரும். இந்த வார்த்தையிலேயே அவளிடம் சொல்லுங்கள். "அரைப்பேர் விழுந்தா அம்மாவுக்கு ஃபோன் எடு, ஏன்னு கேக்க மாட்டேன்" என்று. அப்படி அவள் எடுக்கும் நாளில் உண்மையாகவே கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவளே சொல்லுவாள். பேனர் கட்டியிருந்தால், அவள் போவதற்கு முன் கழற்றிவிடுங்கள்.

உங்கள் அண்ணன் மகனையும் விட்டுவிட வேண்டாம். அவன் பதிவு இன்னும் இருக்கிறதா, திரும்ப எழுத வழி உண்டா என்று பீடத்தில் விசாரிக்கலாம். கடிதம் எழுத நான் உதவுகிறேன். அது சரிவராவிட்டாலும் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, அவனுடைய கணிதத்துக்கு அங்கே வேலை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை வேலைப் பெரட்டு இல்லையென்றால் இருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மகளிடம் இணைந்த கணிதக் கொப்பியை எடுத்துவரச் சொல்லுங்கள். என்னிடம் ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'ஆர்முடுகல்' பாடத்தில் தொடங்கலாம். அங்கே முதல் வருஷம் எங்கே இடறும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க உங்கள் அண்ணன் மகனைவிட நல்ல ஆள் கிடைக்காது.