புற்றுநோய் மரபணு ஆய்வகத்தில் மகளுக்கு வேலை: அங்கே யார் யார் இருப்பார்கள்?

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது: "தருமபுரியில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்த என் மகளுக்கு, பெங்களூருவில் ஒரு பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மரபணு ஆய்வகத்தில் புராஜெக்ட் அசோசியேட்டாக ஓராண்டு ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. நோயாளிகளின் கட்டியைக் கையாள வேண்டியிருக்கும் என்கிறாள். அவளுக்கு நோய் தொற்றிக்கொள்ளாதா? அங்கே எப்படிப்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள்? ஓராண்டு முடிந்தபின் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி. விசாரித்துத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆள் இல்லை."

அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். புற்றுநோய்த் திசுவைத் தொடுவதாலோ, அது இருக்கும் அறையில் வேலை செய்வதாலோ புற்றுநோய் தொற்றாது. கவனமாக இருக்க வேண்டியவை வேறு. நோயாளியின் இரத்தத்திலும் திசுவிலும் ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. போன்ற வைரஸ்கள் இருக்கக்கூடும் என்பதால் எல்லா மாதிரியையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையுறையுடன், காற்றை வடிகட்டும் உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துக் கையாள்வார்கள். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் நீண்டகாலம் சுவாசித்தால் தானே புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள். அதற்கு நல்ல காற்றோட்ட வசதி வேண்டும். கழித்தல் 196 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ நைட்ரஜன் தோலைக் கருக்கிவிடும். மூடிய அறையில் கசிந்தால் சுவாசிக்க ஆக்சிஜன் குறைந்துவிடும். பணியில் சேர்ந்ததும் இவை குறித்துப் பயிற்சி தருகிறார்களா என்று உங்கள் மகள் தயங்காமல் கேட்கட்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணைகளாக, முதல் தவணைக்கு ஒரு மாதம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் போடப்படுவது. சிறுவயதில் போட்டதற்கான சான்று இல்லையென்றால் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டு முதல் தவணையைப் போட்டுக்கொள்வது நல்லது.

இனி அங்கே இருப்பவர்களைப் பற்றி. ஆய்வகம் என்றதும் வெள்ளை அங்கியில் ஒரு விஞ்ஞானி நம் நினைவுக்கு வருகிறார். புற்றுநோய் மரபணு ஆய்வகத்திலோ ஒரு நோயாளியிடம் எடுத்த திசு மாதிரி பலருடைய கைகளுக்கு மாறிச் செல்கிறது, அவர்களில் ஒருவர் தவறினாலும் மற்ற அனைவரின் உழைப்பும் வீணாகிறது. முதல் ஆள் ஆய்வகத்துக்குள்ளேயே இருப்பதில்லை. மருத்துவமனையில் நோயாளியின் அருகில் அமர்ந்து, "உங்கள் கட்டியில் ஒரு பகுதியையும் கொஞ்சம் இரத்தத்தையும் ஆராய்ச்சிக்குத் தருவீர்களா, வேண்டாமென்றால் உங்கள் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது" என்று அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெறும் ஒருங்கிணைப்பாளர் அவர். இந்த ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இல்லாமல் ஒரு துளி இரத்தத்தைக்கூட ஆராய்ச்சிக்கு எடுக்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின் அடிப்படை. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பலம் இருப்பதைச் சொல்லியாக வேண்டும்: வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் கன்னடமும் கேட்டு வளர்ந்தவர்கள், பெங்களூரு மருத்துவமனைக்கு மூன்று மாநிலங்களிலிருந்தும் வருகிற நோயாளிகளிடம் அவரவர் மொழியில் பேச முடியும். உங்கள் மகளுக்கு அப்படிப் பேச வருமென்றால் அதைத் தன் விவரக்குறிப்பில் தவறாமல் எழுதட்டும்.

அடுத்தவர் நோய்க்குறியியல் மருத்துவர். அறுத்தெடுத்த துண்டில் புற்றுச் செல்கள் எவ்வளவு, அவற்றோடு கலந்திருக்கும் இயல்பான செல்கள் எவ்வளவு என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்பவர் அவரே. புற்றுச் செல்கள் மிகக் குறைவாக இருந்தால், அவற்றில் உள்ள மரபணு மாற்றங்கள் இயல்பான செல்களின் டி.என்.ஏ.வுக்குள் மறைந்துபோகும், எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

உங்கள் மகள் அநேகமாக உட்காரப்போவது இதற்கு அடுத்த மேசையில்தான். உறைந்த திசுவிலிருந்தோ மெழுகில் பொதிந்த திசுவிலிருந்தோ டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது, அதன் அளவையும் தரத்தையும் சோதிப்பது, துண்டுகளாக்கி இரு முனைகளிலும் அடையாளத் தொடர்கள் எனும் குறு டி.என்.ஏ. துண்டுகளை இணைத்து, டி.என்.ஏ. எழுத்துகளின் வரிசையைப் படிக்கும் கருவிக்கு ஏற்றபடி தயாரிப்பது ஆகியவை அவளுடைய நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். பிப்பெட் எனும் துல்லிய அளவைக் கருவியில் சில மைக்ரோலிட்டர்களை அளந்து எடுக்கும் வேலை, பார்ப்பதற்குச் சலிப்பூட்டுவதாகத் தோன்றலாம். ஆனால் கட்டியின் மாதிரியையும் அதே நோயாளியின் இரத்த மாதிரியையும் இணைத்து ஒப்பிட்டால்தான் எந்த மாற்றம் பிறவியிலேயே வந்தது, எது கட்டியில் புதிதாகத் தோன்றியது என்று பிரித்தறிய முடியும். குழாயின் மீது ஒரு எண் மாறி ஒட்டப்பட்டால் ஒருவரின் கட்டி இன்னொருவரின் இரத்தத்தோடு ஒப்பிடப்பட்டு, இல்லாத மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதாகத் தெரியும். ஆகவே இந்த மேசையில் திறமையைவிடவும் ஒழுங்கையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

கருவியிலிருந்து வரும் தரவைப் படிப்பவர்கள் உயிரித் தகவலியலாளர்கள். மனித மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி டி.என்.ஏ. எழுத்து இணைகள் உள்ளன. அவற்றைப் பலமுறை திரும்பத் திரும்பப் படித்த சிறு துண்டுகளைக் கணினியில் பொருத்தி, உண்மையான மாற்றத்தையும் கருவியின் பிழையையும் பிரிப்பது இவர்கள் வேலை. ஃபார்மலினில் கிடந்த திசுவின் டி.என்.ஏ. சிதைந்து பொய்யான மாற்றங்களைக் காட்டும் என்பதால், மாதிரி எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பதை இவர்களும் அறிந்திருக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2025இல் வெளியிட்ட பாரத் புற்றுநோய் மரபணு அட்டவணை, 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் 960 எக்சோம்களை, அதாவது மரபணுத்தொகுதியில் புரதங்களுக்கான குறிப்பு உள்ள பகுதிகளின் தொகுப்புகளை, உள்ளடக்கியது. இந்த அளவிலான தரவைக் கணினி தெரிந்தவர்கள் இல்லாமல் தொடவே முடியாது. உங்கள் மகள் லினக்ஸ் இயங்குதளம், ஆர், பைத்தான் எனும் நிரல் மொழிகள் ஆகியவற்றின் அடிப்படையை, ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டெல். இணைய வகுப்புகளில் இலவசமாகவே கற்கலாம். மேசை வேலையும் கணினி வேலையும் ஓரளவு தெரிந்தவரை எந்த ஆய்வகமும் எளிதில் விட்டுவிடாது.

மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.1 போன்ற மரபணுவில் பிறவியிலேயே வந்த மாற்றம் ஒரு பெண்ணிடம் தெரியவந்தால், அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சென்றிருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்தச் செய்தியை மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் உறுதிசெய்த பின்னர் குடும்பத்துக்குச் சொல்பவர் மரபியல் ஆலோசகர். ஆய்வகத்தில் மாதிரிகள் குறியீட்டு எண்ணோடுதான் இருக்கும். யாருடையது என்று தெரியவந்தாலும் வீட்டில்கூட அதைப் பேசக் கூடாது என்பதை உங்கள் மகளுக்கு நீங்களும் சொல்லிவையுங்கள்.

இவர்களோடு முனைவர் பட்ட மாணவர்கள், அந்தப் பட்டத்தை முடித்த ஆய்வாளர்கள், எல்லோருக்கும் மேலே நிதி திரட்டி ஆய்வை நடத்தும் முதன்மை ஆய்வாளர் ஆகியோர் இருப்பார்கள். அவருடைய பெயரைப் பார்த்தே பலர் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புதிதாகச் சேர்பவருக்கு அது போதாது என்பது என் உறுதியான கருத்து. முதன்மை ஆய்வாளரை வாரம் ஒருமுறை பார்த்தால் அதிகம். என்சைம்கள் கெடாமல் ஃப்ரீசரைக் காப்பவரும், மாதிரிப் பதிவேட்டை வைத்திருப்பவரும், முதல் பிப்பெட்டைக் கையில் கொடுத்துக் கற்றுத்தருபவரும் ஆய்வக மேலாளரும் மூத்த மாணவர்களுமே. அங்கே முன்பு வேலை செய்து விலகிய ஓரிருவரிடம், யார் கற்றுக்கொடுத்தார்கள், பிழை நேர்ந்தால் திட்டினார்களா திருத்தினார்களா, ஆய்வுக் கட்டுரையில் தங்கள் பெயர் இடம்பெற்றதா என்று உங்கள் மகள் தொலைபேசியில் கேட்கட்டும். பதில் சொல்லத் தயங்கினால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓராண்டுக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு: இத்தகைய பணி பல்கலைக்கழகத்தின் நிரந்தரப் பணி அன்று, உயிரித் தொழில்நுட்பத் துறை போன்ற அரசு அமைப்புகள் தரும் திட்ட நிதி இருக்கும்வரைதான் நீடிக்கும். நிதி தருவது யார், திட்டம் எந்த மாதம் முடிகிறது, ஊதியத்தோடு வீட்டு வாடகைப் படி உண்டா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். இதை நிரந்தர வேலை என்று நம்பி அனுப்பாதீர்கள், ஆராய்ச்சிக்கான பயிற்சிக் காலம் என்று கொண்டு அனுப்புங்கள். அடுத்த படி, ஆண்டுக்கு இருமுறை நடக்கும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில், முனைவர் பட்ட ஆய்வுக்கான இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தேறுவது. 2023 ஜனவரி முதல் அந்த உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழித்து முதுநிலைக்கு உயர்ந்தால் 42,000 ரூபாய். இந்தத் தேர்வுக்குப் படிப்பதை மறைக்காமல், பணியில் சேரும் நாளிலேயே முதன்மை ஆய்வாளரிடம் சொல்லிவிட்டு, தேர்வுக்கு முந்தைய வாரங்களில் விடுப்பு கிடைக்குமா என்று அப்போதே கேட்டு வைப்பது நல்லது.