லீசுக்கு விட்ட இடத்துல சாயக்கழிவு: சுத்தம் பண்ற பொறுப்பு யாருக்கு?

பங்காளிகளுக்குப் பொதுவான இடத்த தேவகோட்டை பக்கம் ஒரு சாயப்பட்டறைக்கு லீசுக்கு விட்டிருந்தோம், நடத்துனவரு ரெண்டு வருஷம் முன்னாடி மூடிட்டுப் போயிட்டாரு, மண்ணு கலர் மாறிக் கெடக்கு, கெணத்துத் தண்ணி வாயில வைக்க முடியல, சுத்தம் பண்ற செலவு எங்க தலையிலயா, பேசாம வித்துறலாமான்னு கேட்டிருக்கீங்க.

நான் காரைக்குடில ஒரு வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா, சொத்துக் கேஸுதான் நெறைய பாக்குறது. மொதல்ல விக்கிற பேச்ச விட்டுருங்க. சொத்து மாற்றுச் சட்டம் 55வது பிரிவுப்படி, வாங்குறவரு சாதாரணமாப் பாத்து கண்டுபிடிக்க முடியாத குறை எடத்துல இருந்து அது உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியே ஆகணும், மறைச்சா அது மோசடின்னே அந்தப் பிரிவுல எழுதியிருக்கு. சட்டத்த விடுங்க, வாங்குறவன் வீடு கட்டி போர் போட்டு அந்தத் தண்ணிய புள்ளைக்குக் குடுப்பானே, அது மனசுக்கு ஒப்புமா?

பொறுப்பு யாருதுன்னா, கெடுத்தவனுதுதான். 1996ல சுப்ரீம் கோர்ட் ரெண்டு கேஸுல இத சொல்லிருச்சு. ஒண்ணு நம்ம வேலூர் தோல் தொழிற்சாலைக கேஸு. இன்னொன்னு ராஜஸ்தான்ல உதயப்பூர் பக்கத்துல பிச்சிரி கிராமம், சாயத்துக்கு மூலப்பொருளான எச்-ஆசிட் தயாரிச்ச கம்பெனிக கழிவக் கொட்டி கெணறெல்லாம் பாழாப்போன ஊரு. கம்பெனி ஓடுறது நின்னாலும் மண்ணுக்குள்ள எறங்குன விஷம் நிக்கல, அதனால சரிபண்ற செலவும் கெடுத்தவங்க மேலதான்னு தீர்ப்பு. ஆனா அவங்க இழுத்தடிச்சு இழுத்தடிச்சு 2011ல தான் 37 கோடிக்கு மேல வட்டியோட கட்டுங்கன்னு கோர்ட் திரும்பவும் சொல்ல வேண்டி வந்துச்சு. பதினஞ்சு வருஷம், அந்த ஊரு சனங்க என்ன தண்ணி குடிச்சிருப்பாங்கன்னு நெனச்சாலே வயிறு எரியுது.

உங்களுக்கு இன்னொரு பிடியும் இருக்கு. மேல சொன்ன சொத்து மாற்றுச் சட்டத்துலயே 108வது பிரிவுப்படி லீசு எடுத்தவரு எடத்த வாங்குன நெலமைலயே திருப்பித் தரணும், சாதாரணத் தேய்மானத்துக்கு மட்டும்தான் விதிவிலக்கு. அதனால லீசுப் பத்திரத்த தேடி எடுங்க, பதிவு பண்ணிருந்தா வில்லங்கம் போட்டா வந்துரும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டறைக்குக் குடுத்த கன்சென்ட் ஆர்டரையும் (நடத்துறதுக்கான அனுமதி உத்தரவு) ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டு வாங்குங்க, யாரு நடத்துனா, எவ்வளவு கழிவுத்தண்ணிக்கு அனுமதின்னு அதுல இருக்கும். இந்தக் காயிதங்க இல்லன்னா அவரு நான் பண்ணலன்னு சுலபமாச் சொல்லிருவாரு. அதே நேரம், கழிவு வெளிய போறது தெரிஞ்சும் வாடகைய மட்டும் வாங்கிட்டு பங்காளிக சும்மா இருந்திருந்தா உங்களப் பாத்தும் கேள்வி வரும், அத மனசுல வச்சுக்கங்க.

சுற்றுச்சூழல் கேஸுகளுக்குன்னே இருக்குற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போறதுக்கு, பங்காளிக பாதி பேரு சிங்கப்பூர்ல பாதி பேரு சென்னைலன்னு எல்லாக் கையெழுத்துக்கும் காத்திருக்க வேணாம். சேதமான சொத்தோட சொந்தக்காரரே மனு போடலாம்னு அந்தத் தீர்ப்பாயத்தோட 2010 சட்டத்துலயே இருக்கு, தென்மண்டல அமர்வு சென்னைலதான். நஷ்டஈடும் சீரமைப்பும் கேக்க அஞ்சு வருஷந்தான் கெடு, அதுவும் பிரச்சன மொதல்ல உண்டான நாள்லேருந்து எண்ணுவாங்க, பட்டறைய மூடுன நாள்லேருந்து இல்ல. அதனால உடனே ஒரு வக்கீலப் பாருங்க.

நடத்துனவரு கையில காசே இல்லன்னா? 2025 ஜூலைல மத்திய அரசு மாசடைஞ்ச இடங்களுக்குன்னே தனி விதி கொண்டாந்திருக்கு. உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ சந்தேகமான எடத்தப் பட்டியல்ல சேக்கணும், வாரியம் சோதிக்கணும், பொறுப்பாளி யாருன்னு 90 நாளுக்குள்ள கண்டுபிடிக்கணும், அவரால முடியலன்னா மத்திய, மாநில அரசுக செலவ ஏத்துக்கும். ஆனா பட்டியல்ல ஏறணுமே, யாராவது சொன்னாத்தானே ஏறும்.

நம்ம பக்கம் வருஷம் பூரா ஓடுற ஆறு கெடையாது, ஊரணி, கண்மாய், கெணறு இத நம்பித்தான் ஊரே இருக்கு, மழைத்தண்ணிய ஓட்டுலேருந்து புடிச்சு சேத்து வச்ச ஊருக. உங்க எடத்துலேருந்து மழத்தண்ணி எந்த ஊரணிப் பக்கம் ஓடுதுன்னு மொதல்ல பாருங்க, பக்கத்துக் கெணத்துக்காரங்ககிட்ட மறைக்காமச் சொல்லுங்க. மண்ணையும் தண்ணியையும் அங்கீகாரம் உள்ள லேப்ல குடுத்து ரிப்போர்ட் வாங்கி, கலெக்டருக்கும் வாரியத்துக்கும் ஊராட்சிக்கும் தனித்தனியா மனு குடுங்க, நகல்ல சீல் வாங்காம வெளிய வராதீங்க.