ஸ்கூட்டியில் உட்கார்ந்திருக்கும் பையன்

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் சிரமப்படுத்தும் கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கியிருக்கிறோம். வாயால் கேட்டால் அறிவியல் பாடம் முழுக்கச் சொல்வான். எழுதச் சொன்னால் திணறுவான். ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னால் நான்தான் தலைமையாசிரியரிடம் போய்க் கெஞ்சுகிறேன். அவன் மனசு கஷ்டப்படக் கூடாதென்று பள்ளி வாசலில் ஸ்கூட்டியிலேயே உட்காரவைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அவனுக்கு வழிகாட்ட நல்ல ஆள் யாராவது கிடைப்பாரா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: சான்றிதழ், தலைமையாசிரியர் எல்லாம் இருக்கட்டும். அந்த ஸ்கூட்டிக்கு வருவோம். பதினைந்து வயதுப் பையன். அவனைப் பற்றி உள்ளே பேச்சு நடக்கிறது. அவன் வெயிலில் வண்டிக்குக் காவல். திரும்பி வந்து என்ன சொல்வீர்கள்? "எல்லாம் பேசிட்டேன், நீ படி" என்றுதானே? உள்ளே என்ன நடந்தது என்று அவனாகவே ஒரு கதை கட்டிக்கொள்வான். அந்தக் கதையில் அம்மா அவனால் கூனிக் குறுகி நிற்பாள். மனசு கஷ்டப்படக் கூடாது என்றீர்களே, அது அவன் மனசா, உங்கள் மனசா?

கெஞ்சுகிறேன் என்று வேறு எழுதுகிறீர்கள். எதற்குக் கெஞ்ச வேண்டும்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் வைத்திருக்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் அதன் 17ஆம் பிரிவிலேயே இருக்கின்றன. நம் பொதுத்தேர்விலும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பள்ளி வழியாக நேரத்தோடு விண்ணப்பியுங்கள், அவ்வளவுதான்.

ஆனால் தேர்வறையை யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். கேள்வியைப் படபடவென்று படித்துவிடுவார். "சார், இன்னொரு தடவை மெதுவா படிங்க", "நான் சொன்னது அது இல்ல, அந்த வரியை அடிச்சிடுங்க" என்று இவன்தான் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுத் தலையாட்டினால் போச்சு, வாங்கிய சலுகை அத்தனையும் வீண். நீங்களோ வாசலில் நிற்பீர்கள், அதே ஸ்கூட்டியோடு.

அடுத்த பரீட்சைக்கு அவனையும் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். முதல் வார்த்தை அவன் பேசட்டும்: "சார், எனக்கு வாசிக்க நேரமாகும். கேள்வியைப் படிச்சுக் காட்டினா பதில் சொல்லிடுவேன்." முந்தின நாள் வீட்டில் சொல்லிப் பார்க்கட்டும். அங்கே திக்கினால் திக்கட்டும். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஆமாம், அவன் அப்பாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே? இருக்கிறார் என்றால் அவரும் வந்து பக்கத்தில் உட்காரட்டும். பெற்ற பிள்ளைக்காக அரை நாள் லீவு போட்டால் குடி முழுகிவிடாது.

அப்புறம், வழிகாட்டி. அவரும் இவனுக்காகப் பேசத்தான் வருவார் என்றால் வேண்டவே வேண்டாம். இதே சிரமத்தோடு பத்தாவது தாண்டி, இப்போது பாலிடெக்னிக்கோ கல்லூரியோ படிக்கிற ஓர் அண்ணன் கிடைத்தால் போதும். சான்றிதழ் வாங்கிய இடத்தில், சிறப்பாசிரியரிடம் விசாரியுங்கள். பரீட்சை ஹாலில் தான் வாயைத் திறக்காமல் முழித்துக்கொண்டிருந்த கதையை அந்தப் பையன் இவனிடம் சொல்லட்டும். அவர்கள் பேசி முடிக்கும்வரை நீங்கள் போய் ஸ்கூட்டியில் உட்காருங்கள்.