காசு கட்டி நடக்கணுமா?

தோட்டத்து மருத்துவிச்சியாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்

கேள்வி: அக்கா, எனக்கு 59 வயது. கொழுந்து பறித்துத்தான் பிள்ளைகளை ஆளாக்கினேன். மகள் மெல்பேர்னில் நர்ஸ். ஒக்டோபரில் அவளிடம் போகிறேன். ஒரு சனி, ஞாயிறு சிட்னிக்குக் கூட்டிப்போய், ஏழு பாலங்களைச் சுற்றி 28 கிலோமீற்றர் நடக்கிற விழாவில் சேர்த்துவிடுகிறேன் என்கிறாள். அதற்குக் காசும் கட்ட வேண்டுமாம். நடப்பதற்கு யாராவது காசு கட்டுவார்களா? என்னால் முடியுமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: காசுக் கதையை முதலில் முடித்துவிடுவோம், தங்கச்சி. அந்த நடையை நடத்துவது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் புற்றுநோய் சபை. நீங்கள் கட்டுகிற காசும், நடப்பவர்கள் தெரிந்தவர்களிடம் திரட்டித் தருகிற காசும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் நோயாளிகளுக்கு உதவுவதற்கும் போகின்றன. தேருக்கு ரசீதுப் புத்தகத்தோடு லயம் லயமாகப் போகிறோமே, அந்த மாதிரிதான். மகள் கட்டட்டும், விடுங்கள்.

முடியுமா என்றால், முடியும். ஆனால் 'மலை ஏறி இறங்கின காலுக்கு இதெல்லாம் ஒரு தூரமா' என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு பஸ் போகிற தூரத்தில் நாலைந்து கிலோமீற்றர்தான் குறையும். மலையில் நீங்கள் செடிக்குச் செடி நின்றுதான் நகர்ந்தீர்கள். கால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி பதியும், மண்ணும் கொஞ்சம் இடம் கொடுக்கும். அங்கே தாரும் கொங்கிரீட்டும்தான். ஒரே மாதிரி எட்டு, மணிக்கணக்காக. குதிகாலும் முழங்காலும் அதைத்தான் தாங்காது. என் மகன் சிட்னியில் இருந்த காலத்தில் நானும் போனேன். பிரசவம் பார்க்க டிவிசன் டிவிசனாக நடந்த கால் இது. ஹாபர் பாலத்தில் ஆரம்பித்து ஆறு பாலம் தாண்டி ஹண்டர்ஸ் ஹில்லில் முழங்கால் போதும் என்றது, நின்றுவிட்டேன். ஏன் நின்றாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது போட்டி இல்லை, சுற்றுப்பாதை. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நடக்கலாம், வழியில் ஓய்விடங்களும் உண்டு.

ஹாபர் பாலம் 1932இல் திறந்தது. வளைவு மட்டும் 503 மீற்றர். நடப்பவர்களுக்குக் கிழக்குப் பக்கம் தனிப் பாதை இருக்கிறது. ரயில், கார், பஸ் எல்லாம் பக்கத்திலேயே ஓட, கீழே துறைமுகத்தில் படகுகள் போய் வரும். அப்புறம் பிர்மொண்ட், அன்சாக், அயன் கோவ். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் கிளாட்ஸ்வில் பாலம்தான் அழகு. ஒரே கொங்கிரீட் வளைவு, 305 மீற்றர். 1964இல் திறந்தபோது உலகத்திலேயே நீளமான கொங்கிரீட் வளைவு அதுதான். படத்தில் வருவதெல்லாம் ஹாபர் பாலம்தான், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதில் ஏற்றம் இருக்கிறது, உங்களுக்கு அங்கேதான் சுகமாக இருக்கும். டார்பன் கிரீக், ஃபிக் ட்ரீ இரண்டும் சின்னவை, அடுத்தடுத்து வந்துவிடும். அதற்குப் பிறகு ஹாபர் பாலம் திரும்ப வரும்வரை லேன் கோவ் பக்கமாக நீண்ட நடை. எல்லோரும் சோர்வது அங்கேதான் என்று மகன் சொன்னான்.

இப்போதிருந்தே பழகுங்கள். காலையில் ஹட்டன் றோட்டில் சென் கிளேயர் நீர்வீழ்ச்சி பார்க்கிற இடம்வரை போய் வாருங்கள். குறுக்குப்பாதை வேண்டாம், தார் றோட்டுதான் வேண்டும். வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்டிக்கொண்டு போனால் போதும். புதுச் சப்பாத்தை விமானம் ஏறும் நாளில் வாங்காதீர்கள்; அதே சப்பாத்தில்தான் பழக வேண்டும், விரல் நுனிக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் இருக்க வேண்டும். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்துக்கொண்டு கொப்புளம் போடும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். சீனி, பிரஷர் மருந்து எடுப்பவர் என்றால் முதலில் கிளினிக்கில் காலையும் காட்டி, நடக்கலாமா என்று கேளுங்கள். சீனி உள்ளவர்களுக்குக் காலில் புண் வந்தாலும் தெரியாமல் போகும்.

ஒக்டோபர் அங்கே வசந்த காலம். குளிர் நமக்குப் பழகினதுதான். வெயில்தான் வேறு. உலகத்தில் தோல் புற்றுநோய் மிக அதிகமான நாடுகளில் அவுஸ்திரேலியா ஒன்று. தொப்பி, நீளக்கை சட்டை, கிரீம் மூன்றும் வேண்டும். கட்டிக்கொண்டு போக ரொட்டியும் சம்பலும் போதும். ஊரிலிருந்து தேயிலையோ மிளகாய்த்தூளோ கொண்டுபோனால் விமான நிலையத்தில் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள், மறைத்தால் அபராதம்.

இன்னொன்று. இத்தனை வருஷம் கூடை நிறைந்ததா, நிறுவையில் எத்தனை கிலோ வந்தது என்று பார்த்துப் பார்த்தே நடந்தீர்கள். இதில் நிறுவை கிடையாது. போய் வாருங்கள் தங்கச்சி.

கேள்வி: நம் மலையகத்தில் இப்படி ஒன்று இல்லையா?
– வாசகர், அப்புத்தளை

பதில்: விழா என்று சொல்ல முடியாது, பாதை இருக்கிறது தம்பி. பெக்கோ ட்ரெயில். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், 22 பகுதி, 300 கிலோமீற்றருக்கு மேல். உங்கள் ஊர்ப் பக்கமும் போகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட லூல்கந்துர தோட்டமும் அதில் வரும். வெள்ளைக்காரன் காலத்தில் கொழுந்தும் தேயிலையும் போன பாதைகள்தானே, நம் பாட்டிமார் வெறுங்காலோடு தேய்த்தவை. இப்போது கையில் கோலோடு வெளிநாட்டுக்காரர்கள் நடக்கிறார்கள். நடக்கட்டும். லயத்து வாசலில் நிற்கும் பிள்ளையைக் கேட்காமல் படம் எடுக்காதிருந்தால் சரி. பக்கத்து வீட்டில் ஒரு பிளேன்டீயாவது வாங்கிக் குடித்தால் இன்னும் நல்லது. வருஷத்தில் ஒரு நாள் நம் ஆட்களே குடும்பத்தோடு ஒரு பகுதியை நடக்கலாம் என்று எனக்கு ஆசை. உங்கள் வாசிகசாலையில் பேசிப் பாருங்களேன்.

கேள்வி: அட்டை கடித்தால் தீக்குச்சி வைப்பது சரியா?
– மாணவி, மஸ்கெலியா

பதில்: வேண்டாம் மகள், தோல்தான் வேகும். நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பினால் விட்டுவிடும். அப்புறம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒன்றைச் செலுத்திவிடுவதால் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட வேண்டாம். போகும்முன் காலுறையில் உப்பையோ சவர்க்காரத்தையோ தேய்த்துக்கொண்டால் அவ்வளவாக ஏறாது. மழையில் கரைந்தால் திரும்பத் தேய்க்க வேண்டும்.