போர்டு மாத்தினதும் 'ஆக்டிவேட் விண்டோஸ்'னு வருதா? கடைக்காரர்கிட்ட காசு நீட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க

ஈரோட்டுல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்டுலயே ஆன்லைன் டியூஷன் எடுக்கறவங்க. விண்டோஸ் 11 ஹோம் போட்டே வந்த லேப்டாப், பில்லோட புதுசா வாங்கினது. வாரண்டி முடிஞ்சப்புறம் மதர்போர்டு போயிடுச்சு, பக்கத்து சர்வீஸ் கடையில அதே மாடல் போர்டு வாங்கி மாத்தியிருக்காங்க. கொஞ்ச நாள் ஒழுங்கா ஓடிச்சு. அப்புறம் ஒரு அப்டேட் இறங்கி ரீஸ்டார்ட் ஆனதும் ஸ்கிரீனோட வலது பக்கம் கீழ் மூலையில 'ஆக்டிவேட் விண்டோஸ்'னு சாம்பல் கலர்ல எழுத்து வந்துடுச்சு, பாடம் நடத்தும்போது ஸ்கிரீன் ஷேர் பண்ணா பிள்ளைங்களுக்கும் தெரியுது, மானம் போகுதுங்கறாங்க. கடைக்காரர்கிட்ட கேட்டா, "அப்டேட் போட்டதுதான் தப்பு, 500 ரூபா குடுங்க, அந்த எழுத்தை எடுத்துட்டு அப்டேட்டையும் நிறுத்தி விட்டுடறேன், ஒரிஜினலே வேணும்னா 2500 ஆகும்"னு சொல்லியிருக்கார். அப்டேட்டாலதான் வந்ததா, ஃபைல் எல்லாம் போயிடுமா, இப்ப என்ன பண்றது, இதான் கேள்வி.

ஃபைல் எதுவும் போகாது சகோதரி, அதை நினைச்சு தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ்ல வால்பேப்பர், கலர் மாதிரி அலங்கார செட்டிங்ஸ் பூட்டிக்கும், அந்த எழுத்து உக்காந்திருக்கும், அப்பப்போ ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். உங்க கிளாஸ் நடக்கும், நெட் வேலை செய்யும், செக்யூரிட்டி அப்டேட்டும் வந்துக்கிட்டுதான் இருக்கும்.

அப்டேட்டாலயும் இது வரல. புதுசா வாங்கற லேப்டாப்ல விண்டோஸோட கீ, அதாவது நீங்க காசு குடுத்து வாங்கினதுன்னு காட்டற ரகசிய எண், மதர்போர்டுல இருக்கிற சிப்புக்குள்ளயே எழுதி வச்சிருக்கும். முன்னாடி விண்டோஸ் 7 காலத்துல அடியில ஸ்டிக்கர்ல 25 எழுத்து இருக்கும்ல, அது விண்டோஸ் 8 வந்த 2012ல இருந்து லேப்டாப்ல கிடையாது. அதனால பழைய போர்டு குப்பைக்குப் போனப்ப உங்க கீயும் கூடவே போயிடுச்சு. மைக்ரோசாஃப்ட் சர்வர்ல உங்க லைசென்ஸ் பழைய போர்டு பேர்ல பதிவாகியிருக்கு, புது போர்டைப் பாத்ததும் இது வேற கம்ப்யூட்டர்னு நினைக்குது. லைசென்ஸ் சரியான்னு பாக்கற அந்த சோதனை அப்பப்போ பின்னால நடந்துக்கிட்டே இருக்கும், உங்களுக்கு அப்டேட் முடிஞ்சு ரீஸ்டார்ட் ஆன நேரத்துல கண்ணுல பட்டிருக்கு.

ஆனா உங்களுக்கு வர்ற கோவம் நியாயமான கோவம், எனக்கும் அது உண்டு. காசு குடுத்து வாங்கினவங்கதான் திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டியிருக்கு. 2007 ஆகஸ்ட்ல மைக்ரோசாஃப்ட்டோட சொந்த சர்வர்லயே தப்பான புரோகிராமை ஏத்தி, கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க ஒரிஜினல் எக்ஸ்பி, விஸ்டா வச்சிருந்த ஆயிரக்கணக்கான பேரோடதை திருட்டு விண்டோஸ்னு சொல்லிடுச்சு. 2018 நவம்பர்ல விண்டோஸ் 10 ப்ரோ, அதாவது ஹோமைவிட விலை கூடின பதிப்பு, வாங்கினவங்க பல பேருக்கு நீங்க வச்சிருக்கறது ஹோம் லைசென்ஸ்தான்னு காட்டுச்சு. 2019 ஜனவரியில ஆபீஸ்கள்ல ஓடிக்கிட்டிருந்த விண்டோஸ் 7 மெஷின்கள் 'ஜெனுவின் இல்ல', அதாவது ஒரிஜினல் இல்லன்னு கத்துச்சு, எல்லாரும் அன்னிக்கு வந்த அப்டேட்டைத் திட்டினாங்க, கடைசியில பாத்தா அவங்க ஆக்டிவேஷன் சர்வர்ல பண்ணின மாத்தம்தான் காரணம். மூணு தடவையும் தப்பு அந்தப் பக்கம், அலைச்சல் காசு குடுத்தவனுக்கு. திருட்டு காப்பி போட்டவனுக்கு இதுல ஒரு நஷ்டமும் இல்ல, அவனோட கிராக் அந்த சோதனையையே ஏமாத்திடுது, அவன் ஸ்கிரீன்ல அந்த எழுத்து பெரும்பாலும் வர்றதே இல்ல. பில்லைக் கையில வச்சிருக்கிற உங்களுக்கு வருது. இந்த ஏற்பாட்டை எத்தனை வருஷமா பாத்தாலும் எனக்கு மனசு ஆறல.

இந்தக் கோவத்துலதான் ஜனங்க கடைக்காரர் சொல்றதைக் கேட்டுடறாங்க, அதான் என் பெரிய கவலை. 500 ரூபாய்க்கு அவர் பண்ணப் போறது என்னன்னு சொல்றேன். முதல்ல விண்டோஸோடயே வர்ற வைரஸ் காவலாளி டிஃபெண்டரை ஆஃப் பண்ணுவார், ஏன்னா அவர் போடப் போற ஆக்டிவேட்டர்ங்கற கிராக் புரோகிராமை டிஃபெண்டர் பிடிச்சிடும். சில பேரு சி டிரைவ் முழுசையும் ஸ்கேன்ல இருந்து விலக்கி வச்சிடுவாங்க. அப்புறம் அந்த ஆக்டிவேட்டரை ஓட்டுவார், அது பெரிய கம்பெனிகளுக்குன்னு இருக்கிற வால்யூம் லைசென்ஸ் முறையை உங்க மெஷின்லயே போலியா உருவாக்கும். அந்த ஆக்டிவேஷன் 180 நாள்தான், அதைப் புதுப்பிக்க ஒரு வேலையை பின்னால ஓட விட்டு வச்சிருக்கும். அதை யார் எழுதினது, கூட வேற என்ன ஒட்டிக்கிட்டு வருதுன்னு கடைக்காரருக்கும் தெரியாது. அந்த லேப்டாப்லதான் நீங்க பேங்க் பாஸ்வேர்டு அடிக்கறீங்க.

அப்டேட்டை நிறுத்தறேன்னு சொல்றாரே, அது அதைவிட மோசம். 2017 மே மாசம் வான்னாக்ரை வைரஸ் உலகம் பூரா கம்ப்யூட்டரைப் பூட்டி பணம் கேட்டுச்சு, அது நுழையற ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்லயே குடுத்தாச்சு. அப்டேட் போட்டிருந்தவங்க தப்பிச்சாங்க. 'ஜெனுவின்' எழுத்து வந்துடுமேன்னு பயந்து அப்டேட்டை மூடி வச்சா அந்த மாதிரி நாள்ல தனியா மாட்டிக்குவீங்க.

அவரோட 2500 ரூபா 'ஒரிஜினல்' பத்தியும் சொல்லிடறேன். கடையில முறையா வித்தா விண்டோஸ் 11 ஹோம் பத்தாயிரம் ரூபா பக்கம் வரும். அதுல கால்வாசி விலைக்கு ஒரிஜினல்னு சொன்னா, அது பெரும்பாலும் ஏதோ கம்பெனிக்கோ காலேஜுக்கோ குடுத்த கீயைப் பிரிச்சு விக்கறது. நெட்ல 400, 500க்கு விக்கிற கீயும் அப்படித்தான். இன்னிக்கு ஆக்டிவேட் ஆகும், அப்புறம் எப்ப வேணா அந்த கீயை மைக்ரோசாஃப்ட் பிளாக் பண்ணலாம், அப்ப அந்தக் கடைக்காரர் போனை எடுக்க மாட்டார்.

ஏற்கனவே உங்க மெஷின்ல ஏதாவது பண்ணிட்டாரான்னும் பாத்துடுங்க. விண்டோஸ் பட்டனை அழுத்திக்கிட்டே ஆர் தட்டுங்க, சின்னதா ஒரு பெட்டி வரும். அதுல எஸ், எல், எம், ஜி, ஆர்னு அடிச்சு ஒரு இடம் விட்டு, கேள்விக்குறி இருக்கிற கீயில வர்ற சாய்கோடு போட்டு, எக்ஸ், பி, ஆர்னு அடிங்க, என்டர். ஒரு நிமிஷத்துல ஒரு பெட்டி வரும். அதுல 'வால்யூம் ஆக்டிவேஷன்' இந்தத் தேதியோட முடியும்னு ஒரு தேதி போட்டிருந்தா, இல்ல நீங்க வாங்கினது ஹோமா இருந்து இப்ப ப்ரோன்னு காட்டினா, போர்டு மாத்தும்போதே அவர் கிராக் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். நோட்டிஃபிகேஷன் மோடுன்னு மட்டும் வந்தா கவலை இல்ல, வெறுமனே ஆக்டிவேட் ஆகல, அவ்வளவுதான்.

இப்ப ஒரு விஷயத்தை மட்டும் நல்லா மனசுல வாங்கிக்கோங்க, நிறைய பேருக்கு இது தெரியாம புதுசா லைசென்ஸ் வாங்கிடறாங்க. லேப்டாப்போட வந்த விண்டோஸ் அந்த மதர்போர்டோட முடிஞ்சுதுன்னு பொதுவா சொல்லுவாங்க, சரிதான். ஆனா போர்டு கெட்டுப் போனதால மாத்தினதுன்னா கதை வேற. கெட்டுப்போன போர்டுக்கு பதிலா அதே மாடல் போர்டோ, லேப்டாப் கம்பெனி தங்களோட வாரண்டிப்படி அதுக்கு இணையானதுன்னு சொல்ற போர்டோ போட்டா, புது லைசென்ஸ் வாங்கத் தேவையில்லன்னு மைக்ரோசாஃப்ட்டோட விதியிலயே இருக்கு. இன்னும் வேகமா வேணும்னு நல்லா ஓடிக்கிட்டிருந்த போர்டை மாத்தினா அது புது கம்ப்யூட்டர் கணக்கு. கெட்டுப்போய் அதே மாடல் மாத்தினா பழைய கம்ப்யூட்டர்தான். கம்பெனியோட அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்ல மாத்தியிருந்தா சீரியல் நம்பர், கீ எல்லாத்தையும் புது போர்டுல அவங்களே எழுதிக் குடுத்திருப்பாங்க, உங்களுக்கு இந்த வம்பே வந்திருக்காது. வெளிக்கடையில அதைச் செய்யறதில்ல. அதுக்காக உங்க உரிமை போயிடாது, நீங்க கேட்டு வாங்கணும், அவ்வளவுதான். போர்டு மாத்தின பில்லுல 'பழைய மதர்போர்டு பழுது, அதே மாடல் மாத்தப்பட்டது'ன்னு கடைக்காரர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க, அதை எழுதித் தரவேண்டியது அவர் கடமை.

செய்ய வேண்டியது இதான். செட்டிங்ஸ் போய் சிஸ்டம், அதுல ஆக்டிவேஷன். அங்க சி004எஃப்211னு முடியற நம்பர் இருந்தா ஹார்ட்வேர் மாறினது அதுக்குத் தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம், நல்லதுதான். ட்ரபிள்ஷூட் அழுத்துங்க, ஹார்ட்வேர் சமீபத்துல மாத்தினேன்னு ஒரு வரி வரும், அதைத் தேர்ந்தெடுத்து, போர்டு போறதுக்கு முன்னாடி அந்த லேப்டாப்ல போட்டு வச்சிருந்த அதே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல நுழையுங்க. பழைய மெஷின் பேரு லிஸ்ட்ல இருந்தா அதைத் தொட்டு இந்த டிவைஸ்தான் இதுன்னு சொல்லுங்க. பல பேருக்கு இதுலயே முடிஞ்சிடும். புதுசா ஒரு அக்கவுண்ட் தொடங்கி நுழைஞ்சா பழைய லைசென்ஸ் அதுல இருக்காது, அந்தத் தப்பை பண்ணாதீங்க.

அது முடியலன்னா அதே மெஷின்ல 'கெட் ஹெல்ப்'னு இருக்கிற ஆப்பைத் திறந்து மைக்ரோசாஃப்ட் ஆளோட சாட்ல பேசுங்க. லேப்டாப் வாங்கின பில், போர்டு மாத்தின பில் ரெண்டையும் போட்டோ எடுத்து பக்கத்துல வச்சுக்கோங்க. முதல்ல வர்றவர் புதுசா வாங்கச் சொல்லுவார், அவங்களுக்கு குடுத்திருக்கிற பேப்பர்ல அப்படித்தான் இருக்கும்போல, கெட்டுப்போன போர்டுக்கு பதிலா அதே மாடல் போட்டதுன்னு திரும்பச் சொல்லி மேல இருக்கிறவரோட பேசணும்னு கேளுங்க. சளைக்காம கேட்டாத்தான் நடக்கும், அது எனக்கும் எரிச்சல்தான்.

இதுக்கு நடுவுல யாராவது ஃபார்மட் பண்ணிடலாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, ஃபார்மட் பண்ணாலும் அந்த கீ திரும்பி வராது. அதோட உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல டிவைஸ்ங்கற பக்கத்துல பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீன்னு 48 இலக்க நம்பர் இருக்கான்னு பாத்து ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க, அடுத்த தடவை போர்டுல கை வச்சா டிஸ்க்கைத் திறக்க அது கேக்கும். ட்ரபிள்ஷூட்டர் வேற நம்பர் காட்டினா, அந்த நம்பரையும் சாய்கோடு போட்டு பாத்த பெட்டியில வந்த வரியையும் அப்படியே எழுதி அனுப்புங்க.