இரண்டாவது கப்பல்

அன்புள்ள ஐயா,

கிரேக்கர்கள் என்றதும் உங்கள் எழுத்தில் ஒரு கிறக்கம் வந்துவிடுகிறது. எழுத்தைப் பினீசியரிடமும் கணக்கைப் பாபிலோனியரிடமும் வாங்கிக்கொண்டவர்கள்தானே அவர்கள்? அடிமைகளை வைத்திருந்தார்கள், பெண்களுக்கு வாக்குரிமை தரவில்லை. ஐரோப்பியர்கள் தங்களுக்கு ஒரு பூர்வீகம் வேண்டும் என்று அவர்களைப் பல்லக்கில் ஏற்றினார்கள். நாமும் ஏன் தோள் கொடுக்க வேண்டும்? அவர்களுக்கே உரியது என்று அப்படி என்ன இருக்கிறது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொன்ன எதையும் மறுக்கப் போவதில்லை. லாரியன் சுரங்கத்தின் இருட்டுப் பொந்துகளில் அடிமைகள் வெட்டியெடுத்த வெள்ளிதான் ஏதென்ஸின் கடற்படையாக மாறியது என்பதையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடன் விஷயத்தில் மட்டும் ஒரு சொல். பினீசிய எழுத்தில் மெய்கள் மட்டுமே உண்டு. தங்கள் மொழியில் இல்லாத ஒலிகளின் எழுத்துகளை எடுத்து உயிர்களாக்கிக்கொண்டார்கள் கிரேக்கர்கள். அல்ஃபா பிறந்தது அப்படித்தான். கணக்கிலும் விடை சரியாக வந்தால் போதும் என்று விடவில்லை, எப்போதும் சரியாகத்தான் வருமா, ஏன் என்று குடைந்தார்கள். பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் சில வரிகளில் நிறுவுகிறார். ஆயுள் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தாலும் அது தெரியவராது.

ஆனால் என் கிறக்கத்துக்குக் காரணம் யூக்ளிட் அல்ல, ஒரு கப்பல்.

கி.மு. 427. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் நடக்கிறது. லெஸ்போஸ் தீவிலுள்ள மைட்டிலீனி நகரம் ஏதென்ஸை விட்டு விலகிக் கலகம் செய்து தோற்றுவிட்டது. ஏதென்ஸின் மக்கள் சபை கூடி, வயது வந்த ஆண்கள் அனைவரையும் கொல்வது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது என்று ஆத்திரத்தில் தீர்மானித்தது. அன்றே அங்கிருந்த ஏதென்ஸ் தளபதிக்கு ஆணையோடு ஒரு கப்பல் புறப்பட்டது.

இரவு கடந்ததும் ஊருக்கு உறுத்தியது. ஒரு நகரத்தையே அழிப்பதா? மறுநாள் சபை மீண்டும் கூடியது. முதல் தீர்மானத்தை முன்வைத்த கிளியோன் கொதித்தான்: முடிவெடுத்த பிறகு என்ன பேச்சு? எதிர்த்து எழுந்த டயோடோட்டஸ் கருணை என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவர்கள் குற்றவாளிகளா என்பதல்ல கேள்வி, நமக்கு எது லாபம் என்பதுதான் கேள்வி என்றான். சரணடைந்தாலும் சாவுதான் என்றால் அடுத்து கலகம் செய்யும் ஊர் கடைசி மூச்சுவரை போராடாதா? கைகள் உயர்ந்தன. ஏறக்குறைய சரிபாதி. நூலிழையில் டயோடோட்டஸ் வென்றான்.

உடனே இரண்டாவது கப்பல். முதல் கப்பல் கிளம்பி ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் ஆகியிருந்தது. மைட்டிலீனியின் தூதர்கள் மாலுமிகளுக்கு மதுவும் பார்லி மாவும் கொடுத்து, முந்திப் போய்ச் சேர்ந்தால் பெரும் பரிசு என்றார்கள். மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த மாவைத் துடுப்பு வலித்துக்கொண்டே தின்றார்கள், முறைபோட்டுத் தூங்கினார்கள். எதிர்க்காற்று இல்லை. முதல் கப்பல்காரர்களுக்கோ செய்யப்போகும் காரியம் பிடிக்கவில்லை, மெதுவாகவே போனார்கள். தளபதி பேக்கீஸ் ஆணையைப் படித்து முடித்து நிறைவேற்ற இருந்த வேளையில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது.

இதை வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பிசைந்த மாவிடம் நின்றுவிடுவேன். ஒரு நகரத்தின் உயிர் அந்தக் கவளத்தில் இருந்தது.

அசீரிய அரசர்கள் பகைவரைத் தோலுரித்த கதையைக் கல்லில் பெருமையாகப் பொறித்தவர்கள். அதற்குப் பழகிய உலகில், நேற்று கை தூக்கிய அதே கூட்டம் இன்று 'நேற்று நாம் செய்தது சரிதானா' என்று ஊரறியக் கேட்கிறது. கிரேக்கர்களுக்கே உரியது என்று நான் சொல்வது இந்த ஓயாத வழக்காடும் குணத்தைத்தான். தொல்லை பிடித்த குணம்தான். சாக்ரடீஸைக் கொன்றதும் இதே ஊரின் வாக்குதான்.

அவர்களை நல்லவர்களாக்கிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். கலகத்தின் தலைவர்கள் என்று ஆயிரத்துக்கும் அதிகமானோரை அப்போதே கொன்றார்கள். அதுவும் கிளியோனின் யோசனை. கி.மு. 416-ல் மீலோஸ் தீவுக்கு அதே தண்டனையை விதித்தபோது இரண்டாவது கப்பல் போகவில்லை.

இவ்வளவும் நமக்குத் தெரிவது அந்தப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸால். அவரே ஏதென்ஸின் தளபதி. ஆம்ஃபிபோலிஸ் நகரத்தைக் காக்கத் தவறியதால் 20 ஆண்டுகள் நாடுகடத்தப்பட்டவர். துரத்திய ஊர் மீதான கசப்பில் எழுதினார் என்று தள்ளிவிடவும் முடியாது, ஸ்பார்ட்டா செய்த கொலைகளையும் அதே வறண்ட குரலில்தான் சொல்கிறார். ஏதென்ஸின் கூட்டாளி ஊரான பிளாட்டீயாவில் சரணடைந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து, 'இந்தப் போரில் எங்களுக்கு ஏதாவது உதவி செய்தாயா' என்று ஒரே கேள்வி கேட்டு வெட்டியது ஸ்பார்ட்டா. அதுவும் கி.மு. 427-ல்தான். தன் ஊர், எதிரியின் ஊர் இரண்டின் கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதிவைத்தார்.

பல்லக்கை நீங்கள் இறக்கியே வைக்கலாம், எனக்கு ஆட்சேபமில்லை. அவருடைய வரலாற்றின் மூன்றாம் நூலை மட்டும் ஒரு முறை வாசித்துவிடுங்கள். ஒரு ஊரைப் பிழைக்க வைத்த டயோடோட்டஸைப் பற்றி, அந்தப் பக்கங்களைத் தவிர வேறு எங்கும் ஒரு வரிகூடக் கிடையாது.